முதலில் செவி, பிறகு நா

கடந்த நோன்புப் பெருநாளன்று மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டிக்கு, நண்பர் ஒருவரின் அழைப்பையேற்றுச் சென்றிருந்தோம். 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது புத்தளம் சென்று குடியேறிய குடும்பங்கள் பல இவ்வூருக்கு உண்டு. நண்பரின் தாயார் இங்கே, மகள் அங்கே. கைத்தொலைபேசியில் மகளின் முகம் பார்த்து அவ்வம்மையார் பேசிக்கொண்டிருந்தார். அவ்வேளையிற் பேரப்பிள்ளைகள் பத்துப் பேரும் தத்தம் கருவிகளைத் திறந்தனர். மகளின் முகம் அசைவற்று நின்றது. குரல் துண்டு துண்டாயிற்று.

"கம்பியே இல்லையே மாஸ்டர், பின்ன எது அறுந்துபோச்சு?" என்று எம்மை வினவினார்.

நல்ல வினா! அறுந்தது ஒன்றுமில்லை, மோதியதே உண்டு. வீட்டு மூலையிலுள்ள ரவுட்டர்ப் பெட்டியும் எல்லாக் கைத்தொலைபேசிகளும் ஒரே அலைவரிசையிற் பேசுகின்றன. பேச்சும் படமும் சிறு சிறு பொதிகளாகக் கட்டி அனுப்பப்படுகின்றன. இரு கருவிகள் ஒரே கணத்திற் பொதி அனுப்பினால், அலைகள் கலந்து இரண்டும் பொருளற்ற இரைச்சலாகிவிடும்.

வானலையிற் பொதி அனுப்பும் கலை வளர்ந்ததும் ஒரு தீவுக்கூட்டத்திலேதான். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்ரம்சனும் அவர்தம் தோழர்களும் 1971 ஜூனில் 'அலோஹா' வலையமைப்பை இயக்கினர். பொதியொன்று 80 எழுத்துக்கள் வரை சுமக்கும். நினைத்தபோது அனுப்புக, சேர்ந்ததென்ற மறுமொழி வராவிடிற் சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்புக என்பதே விதி. பொறுக்கும் நேரம் ஒவ்வொருவருக்கும் வேறுபடல் வேண்டும். இருவரும் ஒரே அளவு பொறுத்தால் மீண்டும் மோதுவரன்றோ? ஆயினும், அலைவரிசையின் நேரத்தில் நூற்றுக்குச் சுமார் 18 பங்குக்குமேல் இம்முறையிற் பயன்படாது. 1972 இல் லாரன்ஸ் ரொபேர்ட்ஸ், நேரத்தைச் சம கூறுகளாக்கிக் கூற்றின் தொடக்கத்தில் மட்டுமே அனுப்பும் வழியைக் காட்டினார். பயன் சுமார் 37 பங்காக உயர்ந்தது.

இன்றைய வைஃபைக் கருவி இன்னும் நாகரிகமுடையது, பேசுமுன் செவிகொடுக்கும். அமைதி நிலவினும் உடனே பேசாது, 0 முதல் 15 வரை ஓர் எண்ணைத் தற்செயலாக எடுத்து எண்ணி முடித்த பின்னரே பேசும். ஓர் எண்ணிக்கைக்கு நொடியின் பத்து இலட்சத்தில் 9 பங்கே செல்லும். இடையில் வேறொன்று பேசினால் நிறுத்தி, அது முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மோதினாலோ எல்லை 31, 63 என விரிந்து 1023 வரை செல்லும். கூட்டம் பெருகப் பொறுமையும் பெருகுகின்றது.

எனினும், விறாந்தையிலுள்ள கருவியின் ஒலி சுவர் கடந்து குசினியிலுள்ளதை எட்டாதிருக்கலாம். நடுவிலுள்ள பெட்டிக்கோ இரண்டும் கேட்கும். ஒவ்வொன்றும் அமைதியென்றெண்ணிப் பேச, பெட்டியிடத்தே மோதல் நிகழும். முதலிற் பெட்டியிடம் உத்தரவு கேட்பது இதற்கொரு மருந்து. பெட்டி தரும் இசைவைக் கேட்டு ஏனையவை அடங்கியிருக்கும்.

முறைவைத்துப் பேசத் தெரியாத அயலாரும் உளர். நுண்ணலை அடுப்பு 2.45 கிகாஹேட்சில் இயங்குவது. வைஃபையின் ஒரு பகுதியும் அவ்வெல்லையிலேயே இயங்குகின்றது. ஆதலால் அடுப்பருகே பெட்டியை வையாதிருத்தல் நன்று. அயல்வீட்டுப் பெட்டிக்கு இடையூறின்றி, ஒன்றையொன்று தொடாத 1, 6, 11 ஆம் தடங்களுள் நெரிசல் குறைந்ததைத் தேர்தலும் நன்று.

ஊர்க் கோபுரத்தின் வழி வேறு. யார் எப்போது பேசுவதென்று கோபுரமே வகுத்தளிக்கும். ஆனால் முதன்முதல் இடங்கேட்டுக் கதவு தட்டுவதற்கு முறை வகுப்பாரில்லை. அங்கே இன்றும் ஹவாயின் பழைய வழியே ஆள்கின்றது. பெருநாட் காலையில் ஊரார் ஒருங்கே தட்டினால் இணைப்புத் தாமதிப்பதற்கு இதுவுமொரு காரணம்.

அம்மையாரின் பேச்சு மட்டும் ஏன் சிதைந்தது? படம் இறக்கும் பிள்ளைக்குப் பொதி சற்றுப் பிந்தினாற் குறையில்லை. நேருக்கு நேர் பேசுவார்க்கோ, பிந்திய பொதி வராத பொதிக்கே ஒப்பாகும்.

இதனைக் கேட்ட பிள்ளைகள் தம் கருவிகளை அணைத்து வைத்தனர். சற்றைக்கெல்லாம் புத்தளத்து முகம் மீண்டும் சிரித்தது. "கம்பி ஒட்டிட்டுது மாஸ்டர்!" என்றார் அம்மையார்.

மாணவர்காள், கருவிக்கு நாம் கற்பித்த இவ்வொழுக்கம் அவைக்கும் வீட்டுக்கும் உரியதன்றோ? பிறர் பேசி முடியும்வரை செவிகொடுப்போன் தன் முறையை இழப்பதில்லை; எல்லாரும் ஒருங்கே பேசும் வீட்டிலோ ஒருவர் சொல்லும் சென்று சேர்வதில்லை.