கேபிள் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம்: போனுக்குள்ளேயே ஏடிபி

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் எத்தனையோ வீடுகளில் ஆளுக்கொரு ஆண்ட்ராய்டு போன் இருக்கும், கம்ப்யூட்டர் இருக்காது. போனை வாங்கும்போதே சில விளையாட்டுகளும் கேட்காத செயலிகளும் உள்ளே உட்கார்ந்திருக்கும். அழிக்கப் போனால் அதற்கான பட்டனையே காணோம். பர்மா பஜார், ரிச்சி தெரு என்று அலைந்தால், கடைக்காரர் போனை லேப்டாப்பில் மாட்டி, கறுப்புத் திரையில் இரண்டு வரி தட்டுவார், வேலை முடிந்தது. அந்த இரண்டு வரியை இப்போது போனிலேயே தட்டலாம்.

அந்த வரிகளைக் கொண்டுபோகும் கருவியின் பெயர் ஏடிபி, அதாவது ஆண்ட்ராய்டு டீபக் பிரிட்ஜ். செயலி எழுதுபவர்கள் பிழை தேடுவதற்காக வந்தது. கட்டளை அனுப்பும் நிரல் கம்ப்யூட்டரில் இருக்கும், அதை நிறைவேற்றும் நிரல் போனில் இருக்கும், நடுவில் கேபிள். 2020 செப்டம்பரில் வெளியான ஆண்ட்ராய்டு 11, ‘வயர்லெஸ் டீபக்கிங்’ என்ற வசதியைச் சேர்த்தது. ஆறு இலக்கக் குறியீட்டைக் கொடுத்து இணைத்தால் கேபிள் தேவையில்லை. அப்படியென்றால் அனுப்பும் நிரலையும் அதே போனில் ஓடவிட்டால் என்ன? எல்ஏடிபி, ஷிசுக்கு போன்ற செயலிகள் செய்வது இதைத்தான். 127.0.0.1 என்ற முகவரியில் போன் தன்னோடு தானே பேசிக்கொள்கிறது.

செட்டிங்ஸில் ‘பில்ட் நம்பர்’ மீது ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதற்குள் வயர்லெஸ் டீபக்கிங். பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்: வைஃபை இணைப்பு இல்லாமல் அது ஆன் ஆகாது. மொபைல் டேட்டா மட்டுமே உள்ள வீட்டில், பக்கத்தில் இருப்பவரின் ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்துகொண்டால் போதும். கட்டளை ஓட நெட் தேவையே இல்லை. இன்னொரு சிக்கல், குறியீடு காட்டும் பெட்டியை விட்டு வேறு செயலிக்குப் போனால் பெட்டி மூடிக்கொள்ளும். எல்ஏடிபியில் அதற்காகத் திரையை இரண்டாகப் பிரித்து வைக்க வேண்டும். ஷிசுக்கு, நோட்டிபிகேஷனிலேயே குறியீட்டை வாங்கிக்கொள்ளும்.

இதில் கிடைக்கும் அதிகாரத்துக்கு எல்லை உண்டு. துறைமுக கேட் பாஸ் போல: வளாகத்துக்குள் போகலாம், கப்பலின் எஞ்சின் அறைக்குள் போக முடியாது. செயலியை நீக்கும் கட்டளைகூட அதை உங்கள் கணக்கிலிருந்துதான் எடுக்கிறது. மூலப் பிரதி சிஸ்டத்தில் அப்படியே கிடக்கும், ஃபேக்டரி ரீசெட் செய்தால் திரும்பி வரும். ஆனால் பெயர் தெரியாத சிஸ்டம் செயலியில் கைவைத்தால் போன் ஆன் ஆகாமல் சுற்றிக்கொண்டே நிற்கலாம். நீக்குவதைவிட முடக்கி வைப்பதற்கே என் ஓட்டு.

இவ்வளவு சுற்று எதற்கு, ஒரு பட்டன் வைத்தால் ஆகாதா? 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது, முன்கூட்டியே நிறுவிய தன் செயலிகளைப் பயனர் நீக்குவதைத் தடுக்கக் கூடாது என்றும் சொன்னது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்து, இந்த உத்தரவை வேறு சிலவற்றோடு ரத்து செய்துவிட்டது.

திறந்து வைத்த கதவில் யாரும் நுழையலாம். 2018 பிப்ரவரியில் ‘ஏடிபி.மைனர்’ என்ற வைரஸ், 5555 என்ற போர்ட் திறந்திருந்த ஆண்ட்ராய்டு கருவிகளுக்குள் புகுந்து கிரிப்டோ நாணயம் தோண்டியது. இன்றைய முறையில் போர்ட் எண் மாறிக்கொண்டே இருக்கிறது, பேச்சும் மறையாக்கப்படுகிறது. அந்த வைரஸ் அப்படியே வர வழியில்லை. பயப்பட வேண்டியது போனில் பேசும் ஆளுக்கு. “பேங்கிலிருந்து பேசுகிறோம், டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறங்க, அந்த ஆறு நம்பரைச் சொல்லுங்க” என்று எவர் கேட்டாலும் அதை ஓடிபி கேட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் டெவலப்பர் ஆப்ஷன்ஸை அணைத்துவிடலாம். சில வங்கிச் செயலிகள் அது திறந்திருந்தால் ஓடவே மறுக்கும். அணைத்தாலும் நீக்கிய செயலி திரும்பி வராது.