மோட்டார் சைக்கிளின் மின்சார வரவு செலவு

விடியற்காலை நான்கு மணி. பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு நான்கு திசைகளிலிருந்தும் மூட்டைகள் வந்துகொண்டிருக்கின்றன. கத்தரிக்காய், வெண்டைக்காய், சின்ன வெங்காயம், தேங்காய். லாரியிலும் வருகின்றன, டிராக்டரிலும் வருகின்றன, பழைய புல்லட் மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டப்பட்டும் வருகின்றன.

அப்படி ஒரு புல்லட்டில் வரும் விவசாயியைக் கற்பனை செய்துகொள்வோம். சாலையில் இருட்டு. வண்டியின் முகப்பு விளக்கோ மண்ணெண்ணெய் விளக்குப் போல மஞ்சளாக எரிகிறது. பள்ளம் பக்கத்தில் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிகிறது. எதிரே விளக்கில்லாத சைக்கிளோ, சாலையில் படுத்திருக்கும் மாடோ இருந்தால் என்ன ஆகும்? அவர் நேராக மெக்கானிக்கிடம் போகிறார்.

“தம்பி, வெளிச்சம் பத்தலை. 60 வாட் பல்பு ஒண்ணு போட்டு விடு.”

“போடலாம் அண்ணாச்சி. ஆனா அதுக்குக் கரண்ட் எங்கேயிருந்து வரும்?”

மெக்கானிக் கேட்டது நல்ல கேள்வி. மாணவ நண்பர்களே, அதற்கு விடை காண்போமா?

மின்சாரம் பிறக்கும் இடம்

பலரும் நினைப்பதுபோல் மோட்டார் சைக்கிளுக்கு மின்சாரம் தருவது பேட்டரி அன்று. பேட்டரி ஒரு சேமிப்பு வங்கி மட்டுமே. சம்பாதிப்பவர் வேறொருவர். அவர் பெயர் ஆல்டர்னேட்டர்.

1831-ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே ஓர் உண்மையைக் கண்டறிந்தார். கம்பிச் சுருளின் அருகே காந்தப்புலம் மாறினால் அந்தச் சுருளில் மின்சாரம் தோன்றும். இதையே மின்தூண்டல் என்கிறோம். புல்லட்டின் எஞ்சினில் கிராங்க் தண்டின் முனையில் நிலைக்காந்தம் சுழல்கிறது. அதைச் சுற்றிக் கம்பிச் சுருள்கள் அசையாமல் நிற்கின்றன. காந்தம் சுழலச் சுழலச் சுருள்களில் மாறுதிசை மின்னோட்டம் உண்டாகிறது. பேட்டரிக்கு மாறுதிசை மின்னோட்டம் உதவாது. ஆகவே டயோடுகளைக் கொண்ட ‘ரெக்டிபயர்’ அதை ஒரே திசையில் செல்லும்படி மாற்றிக் கொடுக்கிறது.

எஞ்சின் மெதுவாக ஓடினால் ஆல்டர்னேட்டரின் வரவு குறைவு. வேகமாக ஓடினால் அதிகம். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. வேகம் கூடும்போது மாறுதிசை மின்னோட்டத்தின் அதிர்வெண்ணும் கூடுகிறது. அதிர்வெண் கூடக் கூடச் சுருளே மின்னோட்டத்தை அதிகமாக எதிர்க்கிறது. எனவே ஓர் அளவுக்கு மேல் எஞ்சினை எவ்வளவு முறுக்கினாலும் வரவு அவ்வளவாகக் கூடுவதில்லை.

நம் ஊர் வண்டியின் கதை

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த இந்த மோட்டார் சைக்கிளை இந்தியாவில் தயாரிப்பதற்காக, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து என்பீல்டு இந்தியா தொடங்கப்பட்டது. தொழிற்சாலை சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் அமைந்தது. பழைய புல்லட்டின் முகப்பு விளக்குக்கு மேலே ஒரு சிறிய வட்ட மீட்டரைப் பார்த்திருப்பீர்கள். அது வேகத்தைக் காட்டுவதில்லை. அது ஓர் அம்மீட்டர். முள் நடுவில் நின்றால் வரவும் செலவும் சமம். கூட்டல் குறிப் பக்கம் சாய்ந்தால் பேட்டரிக்கு மின்சாரம் சேர்கிறது. கழித்தல் குறிப் பக்கம் சாய்ந்தால் பேட்டரியிலிருந்து மின்சாரம் போகிறது. வண்டியின் கணக்குப் பிள்ளை அந்த முள்தான்!

அக்காலப் பொறியாளர்கள் இந்தக் கணக்கைச் சமன்செய்ய ஒரு வேடிக்கையான வழியைக் கையாண்டார்கள். 1950-களில் பல பிரிட்டிஷ் வண்டிகளில் இருந்த லூகாஸ் ஆல்டர்னேட்டரில் ஆறு சுருள்கள் உண்டு. பகலில் விளக்கு எரியாதபோது அவற்றுள் சில மட்டுமே பேட்டரிக்கு மின்சாரம் தரும். முகப்பு விளக்கின் சுவிட்சைத் திருப்பியதும் எல்லாச் சுருள்களும் வேலையில் இறங்கும். பின்னர் வந்த வண்டிகளில் ‘ஜீனர் டயோடு’ இந்தப் பொறுப்பை ஏற்றது. மின்னழுத்தம் அளவு மீறினால் மிகுதியை வெப்பமாக்கி விடுவது அதன் வேலை. நிலைக்காந்தத்தின் வலிமையை நாம் விரும்பியபோது குறைக்க முடியாதல்லவா? ஆகவே வேண்டாத மின்சாரத்தை இப்படித்தான் கழிக்க வேண்டியிருந்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நம் விவசாயியின் வண்டி 12 வோல்ட் வண்டி என்று கொள்வோம். நல்ல வேகத்தில் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 80 வாட் தருகிறது. இதுவே வரவு. இப்போது செலவைப் பாருங்கள்:

முகப்பு விளக்கு – 35 வாட்
பின் விளக்கு – 5 வாட்
மீட்டர் விளக்கு – 3 வாட்
எஞ்சினில் தீப்பொறி உண்டாக்க – சுமார் 20 வாட்
மொத்தம் – 63 வாட்

80-இலிருந்து 63 போக 17 வாட் மிச்சம். அது பேட்டரிக்குப் போகிறது. குடும்பம் கடனின்றி நடக்கிறது.

இனி 35 வாட் பல்பைக் கழற்றிவிட்டு 60 வாட் பல்பை மாட்டுவோம். செலவு 88 வாட் ஆகிறது. நல்ல வேகத்திலேயே 8 வாட் கடன்! மூட்டை ஏற்றிய வண்டியோ சந்தைக் கூட்டத்தில் ஊர்ந்து செல்கிறது. அப்போது வரவு 40 வாட்டுக்கு இறங்கிவிட்டால் கடன் 48 வாட்.

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 48-ஐ 12-ஆல் வகுத்தால் 4 ஆம்பியர். பேட்டரி 8 ஆம்பியர்-மணி கொள்ளளவு உடையது என்றால், தாளில் போட்ட கணக்குப்படி இரண்டே மணி நேரத்தில் காலி. பழைய பேட்டரியாக இருந்தால் அதற்கும் முன்பே தீர்ந்துவிடும். பிரேக் பிடித்தால் பின்னால் எரியும் சிவப்பு விளக்குக்கும், ஒலிக்கும் ஹாரனுக்கும் தனிச் செலவு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

பேட்டரி தளர்ந்தால் விளக்கு மட்டுமா மங்கும்? தீப்பொறிக்கும் பேட்டரியையே நம்பியிருக்கும் பழைய வண்டியில் பொறி வலுவிழந்து எஞ்சினே நின்றுபோகும். அதுவும் நடுச்சாலையில், இருட்டில். வெளிச்சத்துக்காக வாங்கிய பல்பு விளக்கையும் அணைத்து வண்டியையும் நிறுத்திவிடும்! தவிர, வெறுமையான நிலையில் நெடுநாள் விடப்பட்ட ஈயப் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட்டு படிந்து இறுகிவிடுகிறது. பிறகு அது பழைய அளவுக்கு மின்சாரத்தை ஏற்பதில்லை.

வழியில் நடக்கும் திருட்டு

அப்படியானால் விவசாயிக்கு வெளிச்சமே கிடையாதா? உண்டு. முதலில், இருக்கும் 35 வாட் பல்புக்கு உரிய மின்னழுத்தம் முழுமையாகப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மெக்கானிக் விளக்கை எரியவிட்டு வோல்ட் மீட்டரை எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். பேட்டரியின் முனைகளில் 12 வோல்ட். பல்பின் முனைகளில் 10.5 வோல்ட். நடுவில் 1.5 வோல்ட் எங்கே போயிற்று? துருப்பிடித்த இணைப்புகளிலும், தேய்ந்த சுவிட்சிலும், மெலிந்த கம்பிகளிலும் வெப்பமாகப் போயிற்று. ஆனியும் ஆடியும் வந்தால் குற்றாலச் சாரல் இந்தப் பக்கமெல்லாம் வீசுகிறது. ஈரக் காற்று நமக்கு இதம். செம்பு இணைப்புக்கோ பகை.

இன்னொரு இடமும் உண்டு. பல்பிலிருந்து பேட்டரிக்குத் திரும்பும் மின்னோட்டம் பெரும்பாலும் வண்டியின் இரும்பு உடல் வழியாகவே செல்கிறது. சில பழைய வண்டிகளில் அது கைப்பிடித் தண்டின் பேரிங் குண்டுகளைக் கடந்து செல்ல வேண்டும். கிரீஸ் பூசிய குண்டுகள் நல்ல மின்பாதை ஆகுமா?

1.5 வோல்ட் சிறிய இழப்பு என்று எண்ண வேண்டாம். இழை பல்பின் ஒளி மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் மாறுவதில்லை. ஏறத்தாழ அதன் மூன்றரை மடிப்பெருக்கத்துக்கு ஏற்ப மாறுகிறது. அதாவது மின்னழுத்தம் எட்டில் ஒரு பங்கு குறைந்தால் ஒளி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும்! விளக்கு மஞ்சளாக எரிந்த காரணம் இப்போது புரிகிறதல்லவா?

ஆகவே வைத்தியம் இதுதான். இணைப்புகளை உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்யவேண்டும். முகப்பு விளக்கிலிருந்து பேட்டரிக்குத் தனியாக ஒரு ‘எர்த்’ கம்பி இழுக்கவேண்டும். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த கம்பியும், நடுவில் பியூசும், ஒரு ‘ரிலே’யும் வைத்தால் தேய்ந்த சுவிட்சின் வழியாகப் பெரிய மின்னோட்டம் போக வேண்டியதில்லை. 12 வோல்ட்டில் பெரும்பகுதி பல்புக்குப் போய்ச் சேர்ந்தால், அதே 35 வாட் பல்பு முன்பு தந்ததைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஒளி தரும். கடனும் இல்லை.

ஆறு வோல்ட்டின் தொல்லை

இதைவிடப் பழைய வண்டிகள் பல 6 வோல்ட் வண்டிகள். 36 வாட் பல்பு எரிய 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் போதும்; 6 வோல்ட்டிலோ 6 ஆம்பியர் வேண்டும். கம்பியின் மின்தடை 0.2 ஓம் என்றால் முதலாவதில் இழப்பு 0.6 வோல்ட், அதாவது 5 சதவீதம். இரண்டாவதில் 1.2 வோல்ட், அதாவது 20 சதவீதம்! உலகெங்கும் வண்டிகள் 12 வோல்ட்டுக்கு மாறியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எல்.இ.டி. போட்டால்?

இன்று பலர் எல்.இ.டி. விளக்குகளை நாடுகிறார்கள். குறைந்த வாட்டில் நிறைந்த ஒளி கிடைப்பது உண்மை. ஆனால் மூன்றைக் கவனிக்கவேண்டும். சில பழைய வண்டிகளில் முகப்பு விளக்குக்கு மாறுதிசை மின்னோட்டம் நேராகப் போகிறது, அதில் எல்.இ.டி. மினுமினுக்கும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. முனை மாறினால் எல்.இ.டி. எரியாது. மூன்றாவதாக, இழை பல்புக்கென வடித்த பிரதிபலிப்பானில் பொருந்தாத எல்.இ.டி.யைச் செருகினால் ஒளி சிதறி எதிரே வருபவரின் கண்ணைப் பறிக்கும். நமக்கு வெளிச்சம், அவருக்குக் குருடா?

2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் தயாராகும் புதிய இரு சக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் முகப்பு விளக்கும் எரிகிறது. அந்தச் செலவையும் சேர்த்தே அவற்றின் மின் அமைப்பு திட்டமிடப்படுகிறது. பழைய வண்டிக்கு அந்தக் கணக்கை நாமே போடவேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

வீட்டில் பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, திறந்த வெளியில், ஒரு 12 வோல்ட் வண்டியின் பேட்டரி முனைகளில் வோல்ட் மீட்டரை இணையுங்கள். எஞ்சின் ஓடாதபோது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். விளக்கைப் போட்டதும் எவ்வளவு இறங்குகிறது? எஞ்சின் மெதுவாக ஓடும்போது எவ்வளவு? வேகம் கூட்டினால் 14 வோல்ட்டை நெருங்குகிறதா? நெருங்கினால் வரவு செலவை மிஞ்சுகிறது. இரண்டு முனைகளையும் உலோகம் எதுவும் ஒருசேரத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாவூர்சத்திரத்திலிருந்து சுரண்டை போகும் பக்கம் காற்றாலைகள் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். அங்கும் பாரடேயின் விதிதான். அங்கும் வரவும் செலவும் நொடிதோறும் சமமாக வேண்டும். புல்லட்டின் அந்தச் சின்ன முள் காட்டும் கணக்கே நாட்டின் மின் கட்டமைப்புக்கும் கணக்கு. அடுத்த முறை பழைய வண்டி ஒன்றைக் கண்டால், அந்த முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள்.