அண்ணாந்து பார்த்த ஞாயிற்றுக்கிழமை

மும்பை மாநகருக்குப் புதிதாய் வருவோர், இறங்கிய இடத்திலேயே நின்று அண்ணாந்து பார்க்கும் கட்டடம் ஒன்று உண்டு. முன்னாளில் விக்டோரியா டெர்மினஸ் என வழங்கி, 1996-இல் சத்திரபதி சிவாஜி டெர்மினஸ் எனப் பெயர் மாறி, 2017-இல் ‘மகாராஜ்’ என்ற சொல்லும் சேரப்பெற்ற இரயில் நிலையமே அது. நம்மவர் வாயில் இன்றும் அது ‘வி.டி.’ தான். அதனை ஏறெடுத்தும் பாராமல் நாள்தோறும் கடந்து செல்வோர் இலட்சக்கணக்கானோர். பதினொரு ஆண்டுகளாக நானும் அவர்களுள் ஒருவன். இரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம் பார்க்கும் எனக்கு, அக்கட்டடம் காலையில் ஓடிக் கடக்கும் வழியாகவும் மாலையில் முண்டியடித்துத் திரும்பும் வழியாகவும் மட்டுமே இருந்து வந்தது.

சென்ற தை மாதம் என் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து முதன்முறையாக இங்கு வந்திருந்தார். நான் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க வேண்டுமென்றார், அழைத்துச் சென்றேன். நிலையத்தின் முன் நின்று, கையைப் புருவத்தின்மேல் வைத்து, நெடுநேரம் மேலே நோக்கினார்.

“ஏய்யா, உச்சியிலே நிற்கிற அம்மன் எந்த அம்மன்?”

“அம்மன் இல்லை அப்பா; விக்டோரியா மகாராணி” என்றேன், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே.

“கட்டினது ஆர்?”

“வெள்ளைக்காரன்.”

“எத்தனை வருஷம் இருக்கும்?”

“நூறு இருக்கும் அப்பா. வாருங்கள், நேரமாகிறது.”

அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஊர் திரும்பியபின், கோபுர உயரத்தில் மகாராணி நிற்கும் கதையைத் தேநீர்க் கடையில் எல்லாரிடமும் சொல்லி மகிழ்ந்தார் என்று என் தமக்கை தொலைபேசியில் தெரிவித்தாள். இதனை அலுவலகத்தில் உடன் வேலை பார்க்கும் மராத்திய நண்பரிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “அது மகாராணியே அல்லவே!” என்றார். கோயிலில் நாள்தோறும் மேளம் வாசிப்பவனுக்கு மூலவரின் பெயர் தெரியாத கதையாயிற்று என் கதை. எழுபது வயதுத் தந்தையை என் சோம்பலால் பொய் சொல்ல வைத்துவிட்டேனே என்று மனம் உறுத்தியது.

அடுத்து வந்த ஞாயிறன்று மனைவியையும் பத்து வயது மகளையும் அழைத்துக்கொண்டு, புளியோதரைப் பொட்டலமும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, வெளியூர் யாத்திரிகரைப் போலக் கிளம்பினேன். ஞாயிறு என்றால் நம் பாதையில் ‘மெகா பிளாக்’ உண்டு என்பது நேயர்கள் அறிந்ததே. வண்டி தாமதமாயிற்று. தாமதத்தைப் பொருட்படுத்தாமல் நான் டோம்பிவிலியிலிருந்து வி.டி.க்குப் பயணம் செய்தது அன்றுதான்.

முதலில் எதிரே உள்ள மாநகராட்சிக் கட்டடத்தின் ஓரமாகச் சென்று நின்றோம். இவ்விரு கட்டடங்களையும் வடிவமைத்தவர் ஒருவரே: பிரெடரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ் என்னும் ஆங்கிலேயச் சிற்பி. நிலையத்தின் வேலை 1878-இல் தொடங்கிப் பத்தாண்டுகள் நடைபெற்றது. விக்டோரியா அரசாட்சியின் பொன்விழா ஆண்டாகிய 1887-இல் அவ்வரசியின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. நடுவிலுள்ள எண்கோணக் குவிமாடத்தின் உச்சியில் நிற்கும் பெண்ணுருவம் ‘முன்னேற்றம்’ என்னும் கருத்தின் வடிவம். வலக்கையில் உயர்த்திய தீப்பந்தம். இடக்கையில் ஆரச் சக்கரம். மகாராணிக்கும் இங்கே ஒரு சிலை இருந்தது உண்மையே. ஆனால் அது கடிகாரத்தின் கீழே முகப்பில் இருந்தது. நாடு விடுதலை பெற்றபின் அகற்றப்பட்டது.

வாயில் தூண்கள் இரண்டில் ஒன்றின்மேல் சிங்கம், மற்றொன்றின்மேல் புலி. சிங்கம் பிரிட்டனையும் புலி இந்தியாவையும் குறிப்பன. எத்தனை ஆயிரம் முறை அவற்றின் இடையே ஓடியிருப்பேன்! ஒருநாளாவது எது எங்கே இருக்கிறது என்று பார்த்ததில்லை. மழைநீர் வழிவதற்காகச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் விலங்கு முகங்களைக் கண்ட என் மனைவி, “நம் கோயில் கோமுகி மாதிரி அல்லவா இருக்கிறது!” என்று வியந்தாள். மயில் தோகை விரித்து நிற்கும் சிற்பத்தை மகள் கண்டுபிடித்தாள். இவ்வலங்கார வேலைகளில் பெரும்பங்கு இந்நகரத்து ஜே.ஜே. கலைப்பள்ளியின் மாணவர்கள் கைவண்ணம். ‘வெள்ளைக்காரன் கட்டினான்’ என்று ஒரே சொல்லில் முடித்தேனே, அதுவும் பாதி உண்மைதான். வரைந்தவர் வேறு நாட்டவர். உளி பிடித்த கைகளும் கல் சுமந்த தோள்களும் இந்நாட்டினுடையவை. 2004-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு இதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

உள்ளே சென்றோம். வரிசையில் நிற்கும்போது முன்னிற்பவர் முதுகையே கண்டு பழகிய எனக்கு, சீட்டு வழங்கும் மண்டபத்தின் தூண்களில் இத்தனை செதுக்கு வேலை இருப்பது அன்றுதான் தெரிந்தது. பிறகு நெடுந்தூர வண்டிகள் நிற்கும் பகுதிக்கு வந்தோம். 2008 நவம்பர் 26 இரவு, வண்டிக்காகக் காத்திருந்த ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இங்கே சுட்டுக் கொல்லப்பட்டனர். மூட்டை முடிச்சுகளோடு தரையில் அமர்ந்து ஊருக்குப் போகக் காத்திருக்கும் குடும்பங்கள் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. நாங்கள் சிறிது நேரம் பேசாமல் நின்றோம்.

புளியோதரையைப் பிரித்தபோது மகளுக்கு இன்னொரு செய்தி சொன்னேன். இந்நிலையம் எழுமுன் இவ்விடத்தருகே இருந்த போரி பந்தரிலிருந்துதான் 1853 ஏப்ரல் 16 அன்று இந்தியாவின் முதல் பயணிகள் வண்டி தானாவுக்குப் புறப்பட்டது. பெட்டிகள் 14, தூரம் 34 கிலோமீட்டர். இங்கிருந்து நீண்ட தண்டவாளமும் சென்னையிலிருந்து வந்த தண்டவாளமும் 1871-இல் இராய்ச்சூரில் கைகோத்தன.

“தாத்தா அந்த வழியாகத்தான் வந்தாரா?” என்றாள்.

“ஆம், அம்மா. நானும் அந்த வழியாக வந்தவன்தான்.”

புறப்படும் வேளையில், வடநாட்டிலிருந்து வந்த ஒரு முதிய தம்பதியர் அண்ணாந்து பார்த்து, உச்சியில் இருப்பது யார் என்று தமக்குள் பேசிக்கொண்டிருந்தனர். என் மகள் நேரே சென்று, பந்தத்தையும் சக்கரத்தையும் சுட்டிக்காட்டி, இந்தியில் விளக்கினாள். “நீ இந்த ஊர்ப் பெண்ணா?” என்று அம்மூதாட்டி கேட்டார். பள்ளியில் ‘மதராசி’ என்றும், விடுமுறைக்கு ஊர் சென்றால் ‘பம்பாய்க்காரி’ என்றும் அழைக்கப்படுபவள் அவள். இக்கேள்வி எழும்போதெல்லாம் என் முகத்தைப் பார்ப்பாள். அன்று பார்க்கவில்லை. “ஆம், இந்த ஊர்தான்” என்று தானே விடை சொன்னாள்.

அன்றிரவு தந்தையாரைத் தொலைபேசியில் அழைத்து என் பிழையை ஒப்புக்கொண்டேன். “அடடா, இங்கே எல்லாரிடமும் ராணி என்றல்லவா சொல்லிவிட்டேன்!” என்றார். பிறகு, “சரி, கட்டினவர் பேரை மெதுவாகச் சொல்லு, நாளைக்கு மாற்றிச் சொல்லவேண்டும்” என்றார். மகள்தான் எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கொடுத்தாள்.

பிழைக்க வந்த ஊர் என்று நாம் இந்நகரங்களை எண்ணுகிறோம். இரவல் பாத்திரத்தைப் போல, திருப்பித் தரும் நாளையே நினைந்து கையாளுகிறோம். நம் பிள்ளைகளுக்கோ இதுவே பிறந்த மண். அதனை அவர்களுக்கு அறிமுகம் செய்துவைக்கும் கடமை நம்முடையது. தில்லியில் வாழ்வோருக்குச் செங்கோட்டை உண்டு. கல்கத்தாவில் வாழ்வோருக்கு விக்டோரியா நினைவு மண்டபம் உண்டு. ஊரிலிருந்து விருந்தினர் வரும் நாளுக்காகக் காத்திராமல், ஒரு ஞாயிறன்று நாமே விருந்தினராகச் சென்று பார்ப்போம். கைக்கடிகாரம் மட்டும் வீட்டிலேயே இருக்கட்டும்.