கூடலூர் கிழார் கண்ட வானம்

புறநானூற்றின் 229ஆம் பாட்டை வகுப்பிற் கற்பிக்குந்தோறும் ஓர் இடர்ப்பாடு தோன்றுகின்றது. உத்தரம் உச்சியினின்று சாய்ந்தது, மூலம் கீழ்பால் எழுந்தது, மிருகசீரிடம் மேல்பால் இறங்கியது என்னும் உரையினை மாணவர் பிழையற ஒப்புவிப்பர். அவற்றுள் ஒன்றையேனும் வானிற் காட்டுக எனின் கை தூக்குவார் இலர். நாண்மீன் என்பது சாதகப் பொருத்தத்துக்காகப் பஞ்சாங்கத்தில் அச்சிட்ட பெயர் என்ற அளவில் அவர் அறிவு நின்றுவிடுகிறது.

குற்றம் பிள்ளைகளுடையதன்று. தெருவிளக்கும் கடைவிளக்கும் இரவை வெளுக்கச் செய்துவிட்டன. உலக மக்களுள் மூன்றிலொரு பங்கினர் தாம் வாழும் இடத்திலிருந்து பால்வீதியைக் காண இயலாதவர் என 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டுக் கூறிற்று. ஆதலின் இருளையும் ஒரு செல்வமெனக் காக்கத் தொடங்கினர் மேனாட்டார். 2007இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் முதலாவது இருள்வான் பூங்கா அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் மகாராட்டிரத்துப் பெஞ்சு புலிகள் காப்பகம் 2024இல் அப்பெயர் பெற்றது.

நமக்கு அத்துணைத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மாத்தளையிலிருந்து றத்தோட்டை வழியாக ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர் மலைப்பாதையில் வளைந்தேறினால் ரிவர்ஸ்டன் கணவாய் வரும். நக்கிள்ஸ் மலைத்தொடரின் ஒரு பகுதி அது. 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்ற மத்திய மலைநாட்டுள் அத்தொடரும் அடங்கும். கணவாய்க்கு அப்பால் பிட்டவல பத்தனை என்னும் புல்வெளியும் இலுக்கும்புரவும் உள்ளன. பகலில் அங்கே அருவி காணச் செல்வோர் பலர். இரவு காணச் செல்வோர் சிலரே.

எந்த இரவு? இங்கேதான் கூடலூர் கிழார் நமக்கு வழிகாட்டியாகின்றார். பங்குனியின் முற்பகுதியில், செறிந்த இருள் சூழ்ந்த நள்ளிரவில், வானிலிருந்து ஒரு மீன் விழக் கண்டார் அப்புலவர். தம் அரசன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்குத் தீங்கு நேருமென அஞ்சினார். ஏழாம் நாள் அவன் இறந்தான். நிமித்தத்தை நம்புவதும் நம்பாமையும் அவரவர் விருப்பம். நான் வியப்பது அவர் கண்ணின் நுட்பத்தையே. முடத்தெங்கு போல் வளைந்து தோன்றும் அனுடத்தை அவர் முடப்பனை என்கிறார். புனர்பூசத்தைக் குளம் என்கிறார். இன்றும் பங்குனி முதல் வாரத்து நள்ளிரவில் நிமிர்ந்து நோக்குவார்க்கு உத்தரம் தலைக்குமேல் நிற்கும்; மிருகசீரிடம் மேற்கே அமிழும்; மூலம் தென்கீழ்த்திசையில் தலைகாட்டும்; முடப்பனை கீழ்வானிலும் குளம் மேல்வானிலும் விளங்கும். பாட்டு வேறு, வானம் வேறு அன்று. மலை மறைக்காத, கிழக்கும் மேற்கும் திறந்த இடமாகத் தேர்ந்துகொள்க.

விண்மீன்கள் நாளொன்றுக்கு நான்கு நிமிடம் முந்தி எழுவன. ஆகவே பங்குனிக் கடைசியிற் செல்வோர் இதே காட்சியை இரவு பத்து மணியளவிலேயே பெறலாம். ஆனால் அந்நாள்களில் பிற்பகல் இடிமழை மிகும். அமாவாசையை அடுத்த இரவுகளே தக்கவை. மார்கழி, தை மாதங்களில் வடகீழ்ப் பருவமழை அம்மலைகளை விடாது. ஆனி, ஆடியிலோ காற்று ஆளைத் தள்ளும்.

இலங்கை நிலநடுக்கோட்டை அண்டிக் கிடப்பது நமக்கு வாய்த்த பெரும்பேறு. வடக்கே எழுமீன், தெற்கே சிலுவை வடிவான நான்கு மீன்கள் என இரண்டையும் ஒருங்கே காணும் வாய்ப்பு இலண்டனில் வாழும் நம் உறவினர்க்கு இல்லை. எழுமீனின் வாற்புறத்திலிருந்து இரண்டாவது வசிட்டன். அவனை ஒட்டி மங்கலாய்த் தோன்றுவது வடமீனாகிய அருந்ததி. நம் மணமண்டபங்களில் நண்பகலிலே அருந்ததி காட்டுகின்றனர். மணமக்களும் கூரையிற் சுழலும் மின்விசிறியை நோக்கித் தொழுகின்றனர்! மணமான பிள்ளைகள் உடன்வரின் உண்மை அருந்ததியை இங்கே காட்டிவிடலாம்.

குடும்பமாகச் செல்வோர் விடுதியை முன்னரே ஒழுங்கு செய்க. காப்புவனத்துள் இரவு தங்க வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். உச்சியிலுள்ள தொலைத்தொடர்புக் கோபுரத்தின் பக்கம் ஒதுங்காதிருத்தல் நலம். நாம் தேடிச் செல்வது இருளையன்றோ? மூத்தோர்க்குக் கம்பளியும் காதுக்குத் துணியும், அனைவர்க்கும் பாயும், சுடுநீர்க் குடுவையில் இஞ்சித் தேநீரும் கொண்டு செல்க. கைவிளக்கின் முகத்தைச் சிவப்புத் தாளால் மூடுக. கண் இருளுக்குப் பழக அரைமணி நேரமாகும். இடையில் ஒருவர் கைத்தொலைபேசியைத் திறந்தாலும் அந்த அரைமணி வீணாகும். புல்லில் இருக்குமுன் அட்டை உண்டா என்று பார்ப்பதும் அறிவுடைமை. மூடுபனி இறங்கின் செய்வதொன்றில்லை; இரண்டிரவு தங்குமாறு திட்டமிடுவோர்க்கு ஏமாற்றம் குறையும்.

நள்ளிரவுவரை விழித்திருக்க மாட்டாத சிறுவரை எட்டு மணிக்கே வெளியே அழைத்து வருக. தெற்கே அகத்தியர் பெயர் பூண்ட மீன் ஒளிரும். மேற்கே கார்த்திகை சாயத் தொடங்கியிருக்கும். அறுமீன் எனப் பழையோர் அதனை அழைத்தனர். எத்தனை என்று எண்ணச் சொல்லுக. ஒரு பிள்ளை ஆறென்னும்; கண் கூரிய மற்றொன்று ஏழென்று பூசலிடும். தீர்ப்பைப் பாட்டியிடம் விட்டுவிடலாம்.