யூரியா வராமல் போனபோது ஹவானா என்ன செய்தது?

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தவர்களுக்கு யூரியா வெறும் பசளையின் பெயர் அல்ல. வெடிபொருளுக்குப் பயன்படும் என்று வடக்கிற்குத் தடுக்கப்பட்ட பொருட்களில் அதுவும் ஒன்று. மண்ணெண்ணெய், பற்றரி, சீமெந்து என்று அந்தப் பட்டியல் நீண்டது. பூவரசங்குழையையும் மாட்டெருவையும் நம்பித்தான் பலர் தோட்டம் செய்தார்கள்.

ஏறத்தாழ அதே காலத்தில் கியூபாவுக்கும் பசளை வராமல் போனது. காரணம் வேறு. 1991இல் சோவியத் ஒன்றியம் சிதைந்ததோடு அங்கிருந்து வந்த எரிபொருள், பசளை, உணவு எல்லாம் சுருங்கின. எண்ணெய் இல்லாததால் கிராமத்து மரக்கறியைத் தலைநகருக்கு ஏற்றவும் வழியில்லை. ஹவானா மக்கள் வெற்று வளவுகளிலும் குப்பை கொட்டிய இடங்களிலும் பயிர் வைக்கத் தொடங்கினார்கள்.

நகரத்து நிலம் கல்லும் கொங்கிறீற்றுமாக இருந்தது. ஆகவே கல், பழைய கூரைத்தகடு என்று கிடைத்தவற்றால் வரம்பு கட்டி, உள்ளே மண்ணையும் கூட்டுப்பசளையையும் கலந்து நிரப்பி உயர்ந்த பாத்திகள் அமைத்தார்கள். இவற்றை ‘ஒர்கனோபோனிக்கோ’ என்கிறார்கள். பூச்சிக்குப் பாத்தி ஓரங்களில் சோளமும் செவ்வந்தியும். 1997இல் சிலர் சேர்ந்து தொடங்கிய அலமார் கூட்டுறவுத் தோட்டம் பின்னர் 10 ஹெக்டேயரைத் தாண்டியது. நமது கணக்கில் ஏறத்தாழ 400 பரப்பு.

மக்களின் உழைப்பை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போனால் பாதிக் கதைதான். வெற்றுக் காணியைப் பயிரிடும் வரை இலவசமாகப் பாவிக்க அரசு உரிமை கொடுத்தது. அயலில் விதையும் ஆலோசனையும் தரும் கடைகள் வந்தன. விளைந்ததைத் தோட்ட வாசலிலேயே விற்க முடிந்தது. அப்படியிருந்தும் கீரையும் தக்காளியும் கிடைத்தனவே தவிர, அரிசிக்குக் கியூபா இன்றும் இறக்குமதியையே பெரிதும் நம்பியிருக்கிறது. நகரத் தோட்டத்திடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமும் அல்ல.

இலங்கையில் 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டு, நவம்பரில் அந்த முடிவு கைவிடப்பட்டது. 2022 ஜூனில், வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தார்கள். விடுமுறை கிடைத்தது, காணி, தண்ணீர், விதை பற்றிப் பேச்சில்லை. வலிகாமம் வடக்கில் இன்னமும் விடுவிக்கப்படாத வளவுகளின் சொந்தக்காரர்கள் எந்த வீட்டில் தோட்டம் செய்வது?

உள்ளூராட்சி சபைகளிடம் வெறுமையாகக் கிடக்கும் காணிகள் இருக்கின்றன. விவசாயத் திணைக்களத்திடம் போதனாசிரியர்கள் இருக்கிறார்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களில் வேலை செய்யக்கூடிய பெண்கள் இருக்கிறார்கள். போரில் கணவரை இழந்து தனியே குடும்பம் நடத்துபவர்களும் அவர்களில் உண்டு. இந்த மூன்று தரப்பும் ஒரு மேசைக்கு வந்தால் முதலில் கேட்க வேண்டியது நாற்று அல்ல: காணியை ஐந்து வருடமாவது பாவிக்கலாம் என்ற எழுத்துமூல அனுமதியும், பக்கத்தில் ஒரு கிணறும்.