விழிபெற்ற கணை

1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, ஜெர்மனியின் எம்டன் என்னும் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தை நெருங்கி ஏறத்தாழ 130 குண்டுகளைப் பொழிந்தது. கரையோர எண்ணெய்க் கொள்கலன்கள் தீப்பற்றி எரிந்தன. மக்கள் பலர் அஞ்சி நகரைவிட்டு வெளியேறினர். சூழ்ச்சித்திறன் மிக்கவரை 'எம்டன்' என்று அழைக்கும் வழக்கு தமிழில் இன்றும் உண்டு.

ஆயினும், எம்டனின் குண்டுகளுக்குப் பார்வை இல்லை. பீரங்கியைவிட்டு நீங்கிய குண்டு தன் வழியைத் தானே திருத்திக்கொள்ள இயலாது. அசையாக் கொள்கலனைத் தாக்க அது போதும். நெடுந்தொலைவில் விரையும் கப்பலைத் தாக்கப் போதாது. அக்குறையை நீக்க எழுந்ததே கப்பல் எதிர்ப்பு ஏவுகணை.

கடற்போரின் திருப்பம்

1967 அக்டோபர் 21 அன்று, எகிப்தின் சிறு படகுகள் ஏவிய சோவியத் ஏவுகணைகள் எய்லாத் என்னும் இஸ்ரேலியப் போர்க்கப்பலை மூழ்கடித்தன. 1971 டிசம்பர் 4 இரவு, இந்தியக் கடற்படையின் நிபாத், நிர்காத், வீர் ஆகிய ஏவுகணைப் படகுகள் கராச்சிக்கு அருகே பாகிஸ்தானின் போர்க்கப்பல்களை வீழ்த்தின. அந்நாளே இந்தியக் கடற்படை நாளாகக் கொண்டாடப்படுகிறது. எனினும், அன்று படகும் கணையும் சோவியத் நாட்டிலிருந்து பெற்றவையே.

பிரமோஸின் உறுப்புகள்

சென்னைக் குரோம்பேட்டையின் எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் பயின்ற அப்துல் கலாம், 1998 பிப்ரவரி 12இல் இந்தியாவின் சார்பில் ரஷ்யாவுடன் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். அதன் பயனாக உருவான பிரமோஸ், 2001 ஜூன் 12இல் முதன்முதலாக ஏவப்பட்டது. பிரம்மபுத்திரா, மாஸ்க்வா ஆகிய ஆறுகளின் பெயர்களே அதன் பெயராயின.

அதன் பின்பகுதியிலுள்ள திட எரிபொருள் உந்தி, கணையை ஒலியின் வேகத்தைக் கடக்கச் செய்தபின் கழன்றுவிடும். அடுத்து இயங்குவது ராம்ஜெட் பொறி. விரைவினால் உட்புகும் காற்று தானே அழுத்தம் பெறுவதால், காற்றை அழுத்தச் சுழலும் உறுப்புகள் அதற்குத் தேவையில்லை. முடுக்கத்தையும் சுழற்சியையும் அளந்து திசையறியும் கருவி வழிநடத்த, சிறகுகள் திசை திருப்புகின்றன. இறுதிக்கட்டத்தில், முனையிலுள்ள ரேடார் தேடுவிழி இலக்கைக் கண்டறிகிறது. அதன் பின்னே வெடிமுனை அமைந்துள்ளது.

தொடுவானும் அரை நிமிடமும்

மயிலாப்பூரை ஒட்டிய மெரினா மணலில் நிற்பவருக்குத் தொடுவானம் ஏறத்தாழ 5 கி.மீ. தொலைவில் உள்ளது. அங்குள்ள கலங்கரை விளக்கத்தின் மேல், சுமார் 45 மீட்டர் உயரத்தில் நின்றால் அது 24 கி.மீ. அளவுக்கு விலகும். புவியின் வளைவே இதற்குக் காரணம். இவ்வளைவே தாழப் பறக்கும் கணைக்குத் திரையாகிறது. கடலுக்கு மேல் 10 மீட்டர் உயரத்தில் வரும் கணையை, 20 மீட்டர் உயரத்தில் ரேடார் கொண்ட கப்பல் ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில்தான் காண முடியும். பிரமோஸ் நொடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் செல்வது. எனவே, கப்பலில் உள்ளோர்க்குக் கிடைப்பது அரை நிமிடமே!

உறுப்புதோறும் தற்சார்பு

முழுக் கணையை விலைக்கு வாங்கலாம். அதன் நுட்பத்தை எளிதில் வாங்க இயலாது. உள்நாட்டில் உருவான தேடுவிழியுடன் பிரமோஸ் 2018 மார்ச் 22இல் பொக்ரானில் சோதிக்கப்பட்டது. ஹெலிகாப்டரிலிருந்து ஏவப்படும் உள்நாட்டுக் கப்பல் எதிர்ப்பு ஏவுகணையின் முதற்சோதனை 2022 மே 18இல் நிகழ்ந்தது. ஓர் உந்தி, ஒரு விழி, ஒரு சிறகு என ஒவ்வோர் உறுப்பையும் தானே ஆக்கக் கற்கும் நாடே, தன் கரையைப் பிறர் தயவின்றிக் காக்கும் வலிமை பெறுகிறது.