31-வது ஆட்டுக்குக் காசு கிடையாது

அரசாங்கப் பட்டியலில் ஒட்டகம் இருக்கிறது, தெரியுமா? நிஜமாகத்தான்! வெள்ளம், புயல், மண்சரிவில் கால்நடை செத்தால் எவ்வளவு கொடுக்கலாம் என்று மத்திய அரசு 2022-ல் வகுத்த விதியில், நம்ம ஊர் பசு, எருமைக்குப் பக்கத்திலேயே ஒட்டகமும் யாக்கும் நிற்கின்றன. பால் தரும் ஒட்டகத்துக்கு 37,500 ரூபாய். பாரம் இழுக்கும் ஒட்டகத்துக்கு 32,000. ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஒரு ஒட்டகம் மூச்சிரைத்து ஏறுவதாக நினைத்துப் பார்த்து, சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், உள்ளே போகலாம்.

கறவை மாட்டுக்கும் அதே 37,500. ஆடு, பன்றி 4,000. கன்றுக்குட்டி 20,000; கழுதைக்கும் அதேதான். கோழிக்கு நூறு ரூபாய். ஆனால் ஒரு குடும்பத்துக்குக் கறவை மாடு 3, ஆடு என்றால் 30, அவ்வளவுதான். 31-வது ஆட்டுக்குக் காசு கிடையாது. கோழிக்கு மொத்தமே 10,000 ரூபாய்தான் உச்சவரம்பு என்பதால் 101-வது கோழி செத்தது வீண்!

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. கடலே தெரியாத, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையை அடுத்த இரண்டு நாள் அது வெளுத்து வாங்கியது. மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. புயல் நிவாரணமாக மாநில அரசு அறிவித்ததும் இதே 37,500, 4,000, 100 தான். முந்தைய ஆண்டு மிக்ஜாம் புயலின்போதுதான் மாட்டுக்கு 30,000, ஆட்டுக்கு 3,000 என்றிருந்ததை ஏற்றியிருந்தார்கள்.

அப்படியொரு மழையில் அந்த மலையிலுள்ள செம்மநத்தம் கிராமத்தில் ஒரு கொட்டகை சரிந்து, லட்சுமி என்ற கறவைப் பசு அடியில் மாட்டிக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். விடிந்ததும் விஏஓவுக்குப் போன் போகும். அவர் கேட்கும் முதல் கேள்வியைக் கேளுங்கள்.

"பொதைச்சிட்டீங்களா?"

"இன்னும் இல்லீங்க சார்."

"அப்பாடா. டாக்டர் வந்து பாக்கற வரைக்கும் தொடாதீங்க."

மொத்த விவகாரத்தின் உயிர்நாடி இந்த "அப்பாடா"வில்தான் இருக்கிறது. கால்நடை மருத்துவர் உடலைப் பார்த்து, மழையால்தான் செத்தது, நோயால் அல்ல என்று எழுதித் தர வேண்டும். புதைத்துவிட்டால் எதை வைத்து எழுதுவார்? பாதை அடைத்துக் கிடக்கும் மலையில் மருத்துவர் வந்து சேரும்வரை பசுவைக் காத்து உட்கார்ந்திருப்பது வீட்டுக்காரர் பாடு. எனக்கு இந்த விதியில் உறுத்துவது இந்த ஒரு இடம்தான்; ஒழுங்கான போட்டோவும் அக்கம்பக்கத்தார் சாட்சியும் போதும் என்று மலைக்கிராமங்களுக்காவது வைக்கலாம்.

பிறகு காகிதம் ஓடும்: விஏஓ, வருவாய் ஆய்வாளர், தாசில்தார், கடைசியில் வங்கிக் கணக்கு. மாநிலப் பேரிடர் நிதியில் நான்கில் மூன்று பங்கு டெல்லியுடையது, ஒரு பங்கு சென்னையுடையது. வீட்டோடு சேர்ந்த கொட்டகை என்றால் அதற்குத் தனியாக 3,000 ரூபாய் உண்டு. அதையும் மனுவில் எழுதச் சொல்லுங்கள், பலர் விட்டுவிடுகிறார்கள்.

எதனால் செத்தது என்பதை வைத்துக் கதவும் மாறும். மண்சரிவு என்றால் வருவாய்த் துறை. சிறுத்தை அடித்தால் வனத்துறை. தெருநாய் கடித்தால்? காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்து விவசாயிகள் செத்த ஆடுகளோடு சாலையில் உட்கார்ந்து போராடிய பிறகுதான் அதற்கு வழி பிறந்தது.

அமெரிக்கப் பண்ணைக்காரருக்குப் புயல், வெள்ளத்தில் சாகும் மாட்டின் சராசரி சந்தை விலையில் 75 சதவீதம் கிடைக்கும். அங்கே விலை ஏறினால் தொகையும் ஏறும். இங்கே லட்சுமி கலப்பினமா, நாட்டு மாடா, எத்தனை லிட்டர் கறந்தாள் என்று யாரும் கேட்பதில்லை, தொகை ஒன்றுதான்.